விருந்தினர் வரட்டும், நிலம் நம்மிடமே இருக்கட்டும்

"மேகம், பெரியார் அருவிகளுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் தங்க இடம் கேட்கிறார்கள். வீட்டில் தங்க வைத்து வருமானம் பார்க்கலாமா? அல்லது விடுதி கட்டக் கேட்பவருக்கு நிலத்தைக் கொடுத்துவிடலாமா?" என்று கல்வராயன்மலை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

வீட்டில் தங்க வைத்தே வருமானம் பார்க்கலாம். இதற்கு ஜப்பானின் மலைக்கிராமங்கள் நல்ல உதாரணம். எரிமலைகள் நிறைந்த அந்நாட்டில் வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். அவற்றை 'ஆன்சென்' என்பார்கள். ஊற்றை ஒட்டி 'ரியோகான்' என்னும் பாரம்பரிய விடுதிகள் இருக்கின்றன. யமனாஷி பகுதியில் உள்ள ஒன்று கி.பி. 705-ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

அங்கே செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். அறையில் கட்டில் கிடையாது. வைக்கோலும் கோரையும் கொண்டு செய்த பாய்த்தளத்தில், இரவில் மெத்தை விரிப்பார்கள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பொதுத் தொட்டியில் இறங்கலாம். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். அந்த வட்டாரத்து அரிசி, ஆற்று மீன், மலைக்கீரை என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைச் சமைப்பார்கள். அதனால் விருந்தினர் தரும் பணத்தில் ஒரு பங்கு ஊர் விவசாயிக்கும் போகிறது.

நம் மலையில் வெந்நீர் ஊற்று இல்லை. அருவி, குளிர்காற்று, சாமை, தினை, தேன் எல்லாம் உண்டு. சாமையை மூட்டையாக விற்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. அதையே சோறாக்கி இலையில் போட்டால் விலையை நீங்கள் சொல்லலாம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டாம். இருக்கும் வீட்டில் ஒரே ஓர் அறையோடு தொடங்குங்கள்.

2. சுத்தமான கழிவறையும், காய்ச்சி ஆறிய குடிநீரும் முதல் தேவை.

3. கட்டணம், சாப்பாடு, மது கூடாது, குப்பை போடக் கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. சுற்றுலாத் துறையில் பதிவு செய்வது பற்றி மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. நிலத்தை விற்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நிபந்தனைப் பட்டாவாக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

அறை ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் வீட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. நிலம் போய்விட்டால், அங்கே எழும் விடுதியில் நம் பிள்ளைகளுக்குக் கூலி வேலைதான் மிஞ்சும்.