உருமாறும் இயந்திர வீரன்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை ஒட்டி அமையும் கடைகளாயினும் சரி, கிளிநொச்சி, வவுனியா நகரங்களின் கடைவீதிகளாயினும் சரி, சிறுவர்களின் கண்ணை ஈர்ப்பதில் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்களுக்கு நிகரில்லை. அவற்றுள் ஒன்று உருமாறும் இயந்திர வீரன். கை, கால், தலையோடு நிற்கும் வீரனை மடக்கித் திருப்பினால் அவன் லொறி ஆவான். விரித்தால் மறுபடியும் வீரன் ஆவான். பிள்ளைகள் 'ரோபோ' என்றழைக்கும் இப்பொருளை வாங்குமுன் பெற்றோர் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இதன் பிறப்பைச் சிறிது அறிவோம். 1980ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொம்மை நிறுவனமாகிய தக்காரா, 'டயாக்ளோன்' என்னும் வரிசையைத் தொடங்கியது. அவ்வரிசையில் வந்த உருமாறும் வாகனங்கள், சிற்றாள் ஒருவன் உள்ளே அமர்ந்து செலுத்தும் பொறிகளாகவே கருதப்பட்டன. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவ்வரிசையிலிருந்தும் தக்காராவின் மற்றொரு வரிசையிலிருந்தும் பொம்மைகளைத் தெரிந்தெடுத்து, 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்ற பெயரில் விற்கத் தலைப்பட்டது. பொறிக்கு உயிரும் பெயரும் குணமும் அப்போதுதான் வந்தன. படக்கதையும் தொலைக்காட்சிச் சித்திரமும் அவற்றுக்கெனவே ஆக்கப்பட்டன. லொறியாக மாறும் ஒப்டிமஸ் பிரைம் என்னும் தலைவன் உலகறிந்த வீரனானது இவ்வாறே.

இவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு. வீரம் கதையில் இருக்கிறது. பொம்மையில் இருப்பது மூட்டும் முளையுமே. கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு கதைக்கும், மற்றொரு பங்கு பொறிக்கும் செல்கிறது. பெட்டியின் மீதுள்ள படமும் வீரனின் பெயரும் எத்துணை அழகாயினும், அவை பொறியின் தரத்துக்குச் சான்றாகா. ஆதலால் முகத்தை விட்டு மூட்டைப் பார்ப்போம்.

இப்பொம்மைகளில் பெரும்பாலும் இருவகை மூட்டுகள் உள்ளன. ஒன்று கதவின் கீல் போன்றது. ஓர் ஊசி அச்சாக நின்று ஒரு திசையில் மட்டும் மடங்கும். மற்றொன்று பந்தும் குழியும் போன்றது. நமது தோள்மூட்டைப் போலப் பல திசையிலும் சுழலும். மாற்றம் முடிந்தபின் உறுப்புகள் குலையாதிருக்க முளையும் துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நல்ல பொம்மையில் இப்பிடிப்பு அழுத்தமாகவும், அதே வேளையில் சிறு விரலால் விடுவிக்கத்தக்கதாகவும் இருக்கும். பந்து மூட்டு மிகுந்த வலிவு பட்டால் கழன்று வரும். திரும்ப அழுத்தினால் பொருந்தும். கீலோ முறிந்தால் முறிந்ததே. மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருந்தால், அது விரைவில் வெடிக்கும் என்பதற்கு அறிகுறி. வன்னியின் கடும் வெயிலில் நாட்கணக்காகக் கிடக்கும் பிளாஸ்டிக் நொய்ந்து போகும். எனவே வெயிலில் தொங்கவிடப்பட்டிருந்த பொருளை வாங்காதிருத்தல் நன்று.

அடுத்துக் கேட்க வேண்டியது: உருமாற்றுவது யார்? ஒரே அசைவில் மாறும் பொம்மைகளும் உண்டு. இருபது, முப்பது படிகளைக் கடந்து மாறுவனவும் உண்டு. முன்னது சிறு பிள்ளைக்கு இன்பந்தரும். பெரிய பிள்ளைக்கு ஒரு நாளில் சலிக்கும். பின்னதை ஐந்து வயதுக் குழந்தைக்குக் கொடுத்தால், உருமாற்றும் வேலை தகப்பனாரின் தலையில் விழும். பிள்ளை வெறும் பார்வையாளனாகும். நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்குக் கோம்பை இரண்டைத் தடியொன்றால் இணைத்து, கவர்த்தடியால் தள்ளி ஓடும் வண்டியை எண்ணிப் பாருங்கள். அச்சு எது, சில்லு எது, ஏன் உருளுகிறது என்பதை அதைச் செய்யும் பிள்ளையின் கையே அறிகிறது. பனையோ பிளாஸ்டிக்கோ, பிள்ளையின் கைக்கு வேலை தரும் பொருளே சிறந்தது. எந்த உறுப்பு எதன் பின் திரும்ப வேண்டும் என்று தானே ஆராய்ந்து கண்டுபிடிக்கும் பிள்ளை, பொறியியலின் முதற்பாடத்தைக் கற்கிறது.

இனிப் பாதுகாப்பு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயிலிடும். சிறு உறுப்புகளைச் சோதிக்க வழங்கும் அளவுக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதனுள் முற்றாக அடங்கும் எத்துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். வீரனின் வாளும் கைமுட்டியும் அத்தகையனவே. தம்பி தங்கையர் தவழும் வீட்டில் அண்ணனின் பொம்மைக்கும் இவ்விதி பொருந்தும். ஒளியும் ஒலியும் தரும் பொம்மையாயின், பொத்தான் போன்ற மின்கலம் உள்ளே இருக்கக்கூடும். அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருத்தல் இன்றியமையாதது. விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துள் அதனைப் புண்ணாக்கிவிடும். ஐயம் எழுந்தவுடனே, வாந்தியெடுக்கச் செய்யாமல், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற பகுதிகளின் உட்கிராமத்தவர்க்குப் பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ளதால், காலம் தாழ்த்துதல் கூடாது.

மேற்கூறியவை எவ்வூர்க்கும் பொருந்துவன. வன்னிக்கே உரிய ஒன்று எஞ்சியுள்ளது. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு இணைந்தது. பரந்த நிலம் துப்புரவு செய்யப்பட்டும் பணி முற்றுப்பெறவில்லை. இங்கே புதைக்கப்பட்ட மிதிவெடிகளுட் பல, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உடலுடையவை. உருமாறும் பொம்மையோ, 'என்னைத் திருகு, என்னைத் திற' என்று பிள்ளையை அழைக்கும் பொருள். அந்த ஆவல் அறிவின் வித்து. அதனைக் கடிந்து அடக்குதல் தகாது. ஆனால் அதற்கு எல்லை காட்டுதல் பெற்றோர் கடன். வீட்டார் கையிற் கொடுத்ததைத் திருகலாம்; நிலத்திற் கிடந்ததைத் தொடவே கூடாது. கல்லெறிதலும் கூடாது. வந்த வழியே திரும்பிப் பெரியோரிடம் சொல்ல வேண்டும். பொம்மையைக் கொடுக்கும் பொழுதே இதனையும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை மறவாது.

ஆகவே நேயர்களே, கடையில் நிற்கும்போது வீரனின் பெயரைக் கேட்பதற்கு முன் அவனது மூட்டை அசைத்துப் பாருங்கள். மூடியின் திருகாணியைப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் வயதை எண்ணுங்கள். பிள்ளையின் கை தானே உருமாற்றவும், முறிந்தால் பழுதுபார்க்கவும் இடந்தரும் பொம்மை, விலை குறைந்ததாயினும் நல்ல பொம்மையே. பெட்டியின் படத்துக்காக வாங்கிய பொம்மை, அந்தப் படம் கிழியும் நாளிலேயே மூலையை அடையும்.