படகுத் தளம் அழுகினா இன்சூரன்ஸ் வராது! தடைக்காலத்துல போட வேண்டிய கணக்கு

விசைப்படகு வச்சிருக்கிறவங்க லோன் பத்திக் கேட்பாங்க, டீசல் மானியம் பத்திக் கேட்பாங்க. கால் வச்சு நிக்கிற மரத்தளத்தைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை. ஆனா சத்தமே இல்லாம லட்சக்கணக்கில் செலவு வைக்கிற இடம் அதுதான். பலகை அழுகி உள்வாங்குற அன்னைக்கு "இன்சூரன்ஸ் இருக்கே சார்"னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இன்சூரன்ஸ் ஏன் கை கொடுக்காது?

1963-ம் வருடத்துக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவைப் பாருங்க. பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, சாதாரணத் தேய்மானம், வழக்கமான கசிவு, பொருளின் இயல்பாலேயே வரும் கெடுதல், எலி, பூச்சி அரிப்பு இதுக்கெல்லாம் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை. புயலில் படகு மோதி உடைவது விபத்து. மூணு வருஷமா ஈரத்தில் ஊறிப் பலகை மக்குவது தேய்மானம். இன்சூரன்ஸ் திடீர்னு வர்ற நஷ்டத்துக்குத்தான். மெதுவா வர்ற நஷ்டத்துக்கு உங்க பர்ஸ்தான் இன்சூரன்ஸ்.

இன்னொரு விஷயமும் இருக்கு. வருடக் கணக்கில் எடுக்கும் பாலிசியில், படகு கடலுக்குப் போகும் தகுதியில் இல்லைன்னு தெரிஞ்சே அனுப்பினால், அந்தக் குறையால் வரும் நஷ்டத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது. அழுகின பலகையில் கால் உள்ளே போய் அடிபடுற தொழிலாளியை நினைச்சாலே, இது வெறும் பண விஷயம் இல்லைன்னு புரியும்.

எதிரி கடல் தண்ணீர் இல்லை

நிறையப் பேர் உப்புத் தண்ணீர்தான் மரத்தை அழுக வைக்குதுன்னு நினைக்கிறாங்க. தளத்தைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறு. உப்பு, மரத்தை மக்க வைக்கும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும். மழைத் தண்ணீர்தான் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஐஸ் உருகி வர்றதும் நல்ல தண்ணீர்தானே? அதனால்தான் ஐஸ் அறையைச் சுத்தியிருக்கிற பலகைகளை முதலில் சந்தேகப்படணும்.

மேலே கறுப்பா, பச்சையா படர்கிற பூசணம் மரத்தின் பலத்தைப் பெரிசா குறைக்காது. ஆனா "இங்கே ஈரம் தங்குது"னு அது சொல்ற முதல் எச்சரிக்கை. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வளர முடியாது. அதனால் பூசணத்தைத் துடைச்சு மேலே பெயின்ட் அடிச்சா வேலை முடியலை. ஈரம் வர்ற வழியை அடைக்கணும்.

தடைக்காலத்தை எப்படிப் பயன்படுத்தணும்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வெயில் நல்லா அடிக்கிற நேரம். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முதல் வேலை காய வைப்பது. மூடிகள் எல்லாத்தையும் திறந்து, அடியில் தேங்கின தண்ணீரை இறைச்சு, தண்ணீர் ஓடுற துளைகளில் அடைப்பை எடுங்க. ஈரப் பலகை மேல பெயின்டோ ஃபைபரோ போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு அழுகல் வேகமாகும்.

2. சுத்தியலால் தட்டிப் பாருங்க. நல்ல மரம் கணீர்னு கேட்கும், மக்கின மரம் 'பொத்'துன்னு கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா பலகையை மாத்துங்க.

3. பலகை இடுக்குகள், ஸ்க்ரூ துளைகள், பிளைவுட் ஓரங்கள் மூணையும் அடையுங்க. தண்ணீர் பெரும்பாலும் இந்த வழியாத்தான் நுழையும். பிளைவுட் போட்டால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டா வாங்குங்க. வெட்டின ஓரத்துக்கு எபாக்ஸி பூசாமல் பொருத்தாதீங்க.

4. செப்டம்பர் கடைசியில் இன்னொரு தடவை பாருங்க. வடகிழக்குப் பருவமழையில் படகு நாள்கணக்கில் கரையில் நிற்கும், மூடிகளும் மூடியே கிடக்கும். மழை விட்டதும் திறந்து காத்தோட்டம் விடுங்க, தண்ணீரை இறைங்க. கடலுக்குப் போனதும் சுத்தமான கடல் தண்ணீரில் தளத்தைக் கழுவுங்க.

இப்போ கணக்கு

இது உதாரணக் கணக்குதான், உங்க படகுக்கு உங்க எண்களைப் போட்டுக்கோங்க. வருஷா வருஷம் தளப் பராமரிப்புக்கு ₹25,000 ஆகுதுன்னு வைப்போம். 5 வருஷத்துக்கு ₹1,25,000.

எதுவும் செய்யாம விட்டு, 5-வது வருஷம் மொத்தமா மாத்தினால்? மரமும் கூலியும் ₹3,00,000. சீசனில் 20 நாள் படகு கரையில், ஒரு நாள் லாபம் ₹5,000 வீதம் ₹1,00,000 போச்சு. கையில் பணம் இல்லாம அந்த மூணு லட்சத்தை 2 ரூபாய் வட்டிக்கு ஒரு வருஷம் வாங்கினால் ₹72,000. மொத்தம் ₹4,72,000. வித்தியாசம் ₹3,47,000.

இதுக்கு ஒரே வழி, தனியா ஒரு பராமரிப்புக் கணக்கு. வருஷத்துக்கு 100 தடவை கடலுக்குப் போறீங்கன்னா, ஒவ்வொரு தடவையும் உங்க பங்கிலிருந்து ₹250 எடுத்துத் தனி வங்கிக் கணக்கில் போடுங்க. தடைக்காலம் வரும்போது ₹25,000 தயார். கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

வரியில் கவனிக்க வேண்டியது

முறையா கணக்குப் புத்தகம் வச்சிருந்தால், சேதமான பலகைகளை அதே மாதிரி மாத்துற செலவு நடப்புப் பழுதுச் செலவு. அந்த வருஷமே முழுசா கழிச்சுக்கலாம். மொத்தத் தளத்தையும் எடுத்துட்டுப் புது வசதியோட வேற மாதிரி கட்டினால் அது மூலதனச் செலவு ஆகலாம். அப்போ வருஷத்துக்கு 20 சதவீதத் தேய்மானம்தான் கிடைக்கும். பில், பணம் கொடுத்த ஆதாரம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ மூணையும் வச்சிருங்க. அனுமான வருமான முறையில் வரி கட்டுறவங்களுக்குப் பழுதுச் செலவைத் தனியா கழிக்க வழியில்லை.

பச்சை மீன் விற்பனைக்கு ஜிஎஸ்டி விலக்கு. அதனால் பிளைவுட், எபாக்ஸி பில்லில் கட்டின ஜிஎஸ்டியை நீங்க திரும்ப எடுக்க முடியாது. கொட்டேஷன் வாங்கும்போதே வரியோட சேர்த்துக் கேளுங்க.

இந்தத் தடைக்காலத்தில் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, ஐஸ் அறைப் பக்கம் போய் நாலு தட்டு தட்டிப் பாருங்க. 'பொத்'துன்னு கேட்டால், இப்பவே செலவு பண்ணுங்க. ஒரு பலகையோட போயிடும்.