பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் பேசுவது யார்? ‘ஆதிமம்’ சர்ச்சையும் ஐனு மக்களின் அனுபவமும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் 2023-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சில குடில்கள், பழங்குடி மக்களின் வாழ்வை அருங்காட்சியகத்தில் எவ்வாறு காட்டுவது என்ற கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. ஜப்பானின் ஐனு மக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எதிர்கொண்டுவரும் கேள்வியும் இதுவே. இரண்டு அனுபவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

‘ஆதிமம்’ சர்ச்சை என்ன?

கேரள மாநிலம் உருவான நாளையொட்டி, 2023-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் 7 வரை ‘கேரளீயம்’ என்ற விழாவை மாநில அரசு திருவனந்தபுரத்தில் நடத்தியது. அதன் ஒரு பகுதியாக, கேரள நாட்டார் கலை அகாதெமி ‘ஆதிமம்’ என்ற பெயரில் ‘உயிருள்ள அருங்காட்சியகம்’ ஒன்றைக் கனகக்குன்னில் அமைத்தது. ஊராளி, மாவிலர், காணி, மன்னான், பளியர் ஆகிய ஐந்து சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அதில் பங்கேற்றனர்.

மரபான உடையணிந்து குடில்களின் முன்பு அவர்கள் அமர்ந்திருக்க, பார்வையாளர்கள் சுற்றி நின்று பார்க்கும் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. மனிதர்களே காட்சிப்பொருளாக்கப்பட்டதாகப் பழங்குடி உரிமை ஆர்வலர்கள் கண்டனம் தெரிவித்தனர். பழங்குடியினரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று அப்போதைய பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அமைச்சர் கே. ராதாகிருஷ்ணனும் கருத்துத் தெரிவித்தார்.

அகாதெமி தரப்பு இக்குற்றச்சாட்டை மறுத்தது. கலை நிகழ்ச்சிகளை நடத்தவே அவர்கள் அழைக்கப்பட்டதாகவும், நிகழ்ச்சிகளுக்கு இடையே ஓய்வெடுத்தபோது எடுக்கப்பட்ட படங்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதாகவும் விளக்கம் அளிக்கப்பட்டது.

எனினும், அந்தப் பெயரே சிக்கலைச் சுட்டுவதாக இருந்தது. ‘ஆதிமம்’ என்னும் சொல் தொடக்க காலத்துக்கு உரியது என்ற பொருளைத் தருவது. நிகழ்காலத்தில் வாழும் மக்களைக் கடந்த காலத்தின் எச்சமாக அப்பெயர் நிறுத்திவிடுகிறது.

காணி மக்களின் நிகழ்காலம்

அக்குடில்களின் முன்பு அமர்ந்திருந்தவர்களில் காணி சமூகத்தினரும் இருந்தனர். தமிழில் பொதிகை என்று அறியப்படும் அகத்தியர் மலைத் தொடரின் இருபுறமும் இம்மக்கள் வாழ்கின்றனர். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், தமிழகத்தில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன.

1987-ஆம் ஆண்டு அகத்தியர் மலைக்குச் சென்ற ஆய்வுக் குழுவினர், உடன் வந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் காய்களை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கவனித்தனர். ‘ஆரோக்கியப் பச்சை’ எனப்படும் அச்செடியைக் கொண்டு, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் ஒரு மருந்து நிறுவனத்திடம் வழங்கப்பட்டது. இவ்வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முடிவு செய்யப்பட்டு, அதற்கான அறக்கட்டளை 1997-இல் பதிவு செய்யப்பட்டது. மரபறிவுக்கு உரியவர்களுடன் பலனைப் பகிர்ந்துகொண்டதற்கான தொடக்ககால எடுத்துக்காட்டாக உலக அளவில் இது பேசப்படுகிறது.

அறிவியலுக்கு அறிவை வழங்கி, அதற்கான பங்கையும் பெற்ற ஒரு சமூகத்தின் கதை இது. குடிலையும் இலை உடையையும் மட்டும் காணும் பார்வையாளருக்கு இக்கதை தெரிய வாய்ப்பில்லை.

ஜப்பானில் 1903-இல் நடந்தது என்ன?

ஐனு மக்கள் ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் தாயகமாகக் கொண்டவர்கள். மீன்பிடித்தல், வேட்டை, காட்டு விளைபொருள் சேகரிப்பு ஆகியவற்றைச் சார்ந்து வாழ்ந்த இவர்களை விவசாயிகளாகவும் ஜப்பானிய மொழி பேசுவோராகவும் மாற்றும் நோக்கில் 1899-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் 1997 வரை நீக்கப்படவில்லை.

1903-இல் ஒசாகா நகரில் தேசியத் தொழில் கண்காட்சி நடைபெற்றபோது, அதனையொட்டி ‘மனித இன அரங்கு’ ஒன்று அமைக்கப்பட்டது. ஐனு மக்கள், தைவான் பழங்குடியினர், ஒக்கினாவா தீவினர் உள்ளிட்டோர் அங்கு நேரடியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டனர். அவர்களுள் இந்தியர்களும் இருந்தனர். சீனாவிலிருந்தும் ஒக்கினாவாவிலிருந்தும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கும் ஐனு மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர்.

உபோபோய் எவ்வாறு வேறுபடுகிறது?

ஐனு மக்களைப் பூர்வகுடியினராக ஏற்க வலியுறுத்தி ஜப்பான் நாடாளுமன்றம் 2008-இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2019-இல் அது சட்டமாகவும் ஆனது. அதைத் தொடர்ந்து, ஹொக்கைடோவின் ஷிராவோய் நகரில் போரோதோ ஏரிக்கரையில் தேசிய ஐனு அருங்காட்சியகமும் பூங்காவும் 2020-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி திறக்கப்பட்டன. இவ்வளாகத்தின் பெயர் ‘உபோபோய்’. ஐனு மொழியில் ‘பலரும் கூடிப் பாடுதல்’ என்று பொருள்.

சப்போரோ நகரிலிருந்து விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் இங்கு செல்லலாம். பெயர்ப்பலகைகளிலும் விளக்கங்களிலும் ஐனு மொழிக்கே முதலிடம். அழியும் ஆபத்தின் உச்சத்தில் உள்ள மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ வகைப்படுத்திய மொழி அது.

நிரந்தரக் காட்சிக்கூடம் ஆறு பிரிவுகளைக் கொண்டது. ‘எங்கள் மொழி’, ‘எங்கள் உலகம்’, ‘எங்கள் வாழ்க்கை’, ‘எங்கள் வரலாறு’, ‘எங்கள் தொழில்’, ‘எங்கள் உறவாடல்’ என ஒவ்வொன்றும் தன்மைப் பன்மையில் பேசுகிறது. ‘அவர்கள்’ என்ற சொல் ‘எங்கள்’ என மாறியதே இங்குள்ள முக்கிய மாற்றம். மரபு வீடுகள் கொண்ட சிற்றூர், யுனெஸ்கோ பட்டியலில் 2009-இல் சேர்க்கப்பட்ட ஐனு நடனம், மோர்சிங்கைப் போல வாயில் வைத்து இசைக்கப்படும் ‘முக்குரி’ என்ற மூங்கில் கருவி ஆகியவற்றையும் பார்வையாளர்கள் காணலாம்.

அங்கும் விமர்சனம் உண்டா?

உண்டு. ஆய்வு என்ற பெயரில் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்டு, பல்கலைக்கழகங்களில் வைக்கப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐனு மக்களின் எலும்புகள் உபோபோயின் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றைச் சொந்த ஊர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஐனு மக்களில் ஒரு பிரிவினர் வலியுறுத்துகின்றனர்.

பண்பாட்டைப் போற்றும் அரசு, வாழ்வாதார உரிமையை ஏற்கவில்லை என்ற குறையும் உள்ளது. ஆற்றில் சால்மன் மீன்பிடிக்கும் உரிமை கோரி ஐனு அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கை, 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்தியாவில் உள்ள முயற்சிகள்

போபாலில் சுமார் 200 ஏக்கரில் அமைந்துள்ள இந்திரா காந்தி தேசிய மனித அருங்காட்சியகத்தில், திறந்தவெளியில் உள்ள பழங்குடி வீடுகளை அந்தந்தச் சமூகத்தினரே வந்து கட்டினர். தமிழகத்தில் உதகமண்டலம் அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில், தோடர், கோத்தர், குறும்பர் உள்ளிட்டோரின் வாழ்வியலைக் கூறும் அருங்காட்சியகம் இயங்குகிறது.

கேரளத்தில் வயநாடு மாவட்டம் வைத்திரி அருகே ‘என் ஊரு’ என்ற பழங்குடி மரபுக் கிராமம் 2022-இல் திறக்கப்பட்டது. பழங்குடியினர் தங்கள் விளைபொருள்களையும் கைவினைப் பொருள்களையும் விற்பதற்கும், அங்கேயே வேலைவாய்ப்புப் பெறுவதற்கும் வழிசெய்வது இதன் நோக்கம். இப்பெயரும் தன்மையிலேயே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

பார்வையாளர் கேட்க வேண்டியவை

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் சில கேள்விகளை மனத்தில் கொள்ளலாம். விளக்கக் குறிப்புகளை எழுதியவர் யார்? அம்மக்களின் மொழிக்கு இடம் உண்டா? அவர்களின் இன்றைய கல்வி, தொழில், நில உரிமை பற்றி ஏதேனும் சொல்லப்படுகிறதா? நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? படம் எடுக்கும் முன் அனுமதி கேட்கப்படுகிறதா?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பழங்குடியினரின் எண்ணிக்கை 4,84,839. மாநில மக்கள்தொகையில் இது 1.45 சதவீதம் மட்டுமே. எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதாலேயே, அவர்களைப் பற்றிப் பெரும்பாலானோர் அறிவது கண்காட்சிகள் வழியாகத்தான். கண்காட்சியில் அவர்களின் குரல் இடம்பெறாவிட்டால், வெளியே அதைக் கேட்கும் வாய்ப்பு அதைவிடக் குறைவு.