இ-வே பில் தளத்தில் இரட்டைப் பூட்டு: எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் இ-வே பில் தளத்தில் நுழைந்துவிடலாம் என்றிருந்த காலம் முடிந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்டோருக்கு 2023 ஆகஸ்ட் 20 முதல் இரண்டாவது பூட்டு கட்டாயமாயிற்று. 20 கோடிக்கு மேற்பட்டோருக்கு 2025 ஜனவரி 1, 5 கோடிக்கு மேற்பட்டோருக்குப் பிப்ரவரி 1, ஏனையோர் அனைவருக்கும் ஏப்ரல் 1 என்று படிப்படியாக இது விரிந்தது. இப்போது கடவுச்சொல்லுக்குப் பிறகு ஓ.டி.பி. எண்ணையும் தந்தால்தான் உள்ளே போக முடியும்.

அந்த எண்ணைப் பெற மூன்று வழிகள் உண்டு. பதிவு செய்த கைப்பேசிக்கு எஸ்.எம்.எஸ். வருவது ஒன்று. 'சந்தேஸ்' என்னும் அரசுத் தகவல் செயலிக்கு வருவது இரண்டாவது. 'என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு' என்னும் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை காட்டும் புதிய எண்ணைப் பார்த்து எழுதுவது மூன்றாவது. இதற்கு அந்த நேரத்தில் இணைய இணைப்பு தேவையில்லை.

நம்மில் பலர், "ஏதாவது ஒன்றைப் போடப்பா" என்று கணக்கு எழுதும் பையனிடம் விட்டுவிடுகிறோம். பிறகு இரவு பத்து மணிக்குச் சரக்கு ஏற்றிய லாரி குடோன் வாசலில் நிற்கிறது. ஓ.டி.பி. வருவதோ வெளியூரில் கல்யாண வீட்டில் இருக்கும் முதலாளியின் கைப்பேசிக்கு. அவர் போனில் எண்ணைச் சொல்கிறார், பில் போடப்படுகிறது. தினமும் இப்படி வாயால் எண்ணைச் சொல்லிப் பழகியவர், நாளை மோசடிக்காரன் ஒருவன் அதிகாரி போலப் பேசிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நம் ஜி.எஸ்.டி. எண்ணில் யாரோ பொய்ப் பில் போட்டால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

இதற்கு வியாபாரியின் அலட்சியமே காரணம் என்று சொல்வது எளிது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸே என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. கடவுச்சொல்லை அன்றாடம் பயன்படுத்துவோரிடமே விசாரித்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல கடவுச்சொற்களை வைத்திருக்கவும் அடிக்கடி மாற்றவும் கட்டாயப்படுத்தினால், ஜனங்கள் தாளில் எழுதி வைக்கிறார்கள், எளிதில் ஊகிக்கக்கூடிய சொல்லையே வைக்கிறார்கள் என்று கண்டார்கள். வேலைக்கு ஒத்துவராத விதியை மனிதன் சுற்றிக்கொண்டு போகிறான், அவன் எதிரியல்ல என்பதே அவர்கள் முடிவு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பும், கடவுச்சொல் திருடுபோனதற்கு அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017இல் அறிவுரை வெளியிட்டது.

ஆகவே, நுழைவுத் திரையை அமைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அதைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. புதுச் சரக்கு வந்தால் வாடிக்கையாளர் எதைக் கையில் எடுக்கிறார், எதைத் திருப்பி வைக்கிறார் என்று நாம் கவனிப்பதில்லையா? அதே முறைதான். "ஒரு பில் போடுங்கள், மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் பார்க்க வேண்டும். இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

அப்படிப் பார்த்தால் ஒன்று விளங்கும். செயலியின் பெயரை மட்டும் பட்டியலிட்டால் யாருக்கும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. "எண் யார் கைப்பேசிக்கு வரும்? சிக்னல் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? கைப்பேசி தொலைந்தால் என்ன வழி?" என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வழியின் பக்கத்திலேயே பதில் எழுதியிருந்தால், பள்ளிப் படிப்போடு நின்றவரும் சரியானதைத் தேர்ந்தெடுப்பார்.

திரை மாறும்வரை நாம் செய்யக்கூடியவை:

1. பில் போடும் ஒவ்வொருவருக்கும் தளத்திலேயே தனித் துணைப் பயனர் கணக்கு உண்டாக்குங்கள். அவரவர் கைப்பேசி எண்ணைப் பதிந்தால் ஓ.டி.பி. அவருக்கே போகும். யார் போட்ட பில் என்பதும் தெரியும்.

2. குடோனில் சிக்னல் குறைவென்றால் ஷீல்டு செயலியை நிறுவிப் பழகுங்கள். கைப்பேசியில் நேரம் சரியாக இருக்கட்டும்.

3. ஆள் வேலையை விட்டு நின்ற அன்றே அவர் கணக்கை முடக்குங்கள். கல்லாச் சாவியைத் திரும்ப வாங்குவது போலத்தான் இதுவும்.

4. ஓ.டி.பி.யைப் போனில் யாரிடமும் சொல்வதில்லை என்பதைக் கடையின் சட்டமாக்குங்கள்.

5. பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம், "இதைக் கடைக்காரர் எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், பணம் கட்டுமுன் உங்கள் குமாஸ்தாவை உட்காரவைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கே திருத்தித் தரச் சொல்லுங்கள்.