இரவு ஓய்வும் ஊர்க் கட்டுப்பாடும்

விளக்கு வைத்த பின்னர் நம் கிராமத்து வீடுகளுக்குள் சென்று பார்ப்போமானால், பெரும்பாலும் ஒரே காட்சியையே காண்கிறோம். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. அதன் எதிரே அமர்ந்திருப்போரின் கைகளிலோ கைப்பேசிகள். உணவு முடிந்து பாய் விரித்த பிறகும் அந்தச் சிறு வெளிச்சம் அணைவதில்லை. மணி பத்தாகிறது, பதினொன்றாகிறது. ஆனால், பால் கறக்கும் நேரம் நமக்காகத் தள்ளிப் போவதில்லை. விடியுமுன் எழுந்தே தீர வேண்டும். இவ்வாறு குறைந்துபோகும் உறக்கத்தை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. தூக்கக் கலக்கத்துடன் டிராக்டரில் ஏறுகிறவருக்கும், ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுகிறவருக்கும் அது நஷ்டத்தினும் பெரிய ஆபத்தாகும்.

நம் உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒரு முறை சுற்றி வரும் கடிகாரம் ஒன்று உண்டு. உயிரணுக்களுக்குள் அது இயங்கும் விதத்தை, பழங்களை மொய்க்கும் சிறு ஈக்களைக் கொண்டு ஆராய்ந்து கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017-ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது ஒளியே. பொழுது சாய்ந்து இருள் பரவியதும், மூளையிலுள்ள சிறு சுரப்பி ஒன்று மெலடோனின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கிறது. உறங்கும் வேளை நெருங்கியதென்று உடல் அறிந்துகொள்கிறது. அந்நேரத்தில் கண்ணில் வெளிச்சம், அதிலும் நீலங்கலந்த வெள்ளை வெளிச்சம், படுமானால் இந்தச் சுரப்பு தாமதமாகிறது. கைப்பேசித் திரையினின்று வருவது அத்தகைய வெளிச்சமே. எனினும், வெளிச்சத்தை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. தெருக்கூத்துக்கு விடியலிலாவது முடிவு உண்டு. கைப்பேசியில் ஓடும் சிறு படங்களுக்கு முடிவே இல்லை. மனம் அடங்காமல் உறக்கம் வருவதெங்ஙனம்?

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை. 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 9 மணி நேரமேனும் வேண்டும். 5 மணிக்கு எழுகிறவர் 10 மணிக்குள் உறங்கியிருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு.

"இது அவரவர் வீட்டு விஷயமாயிற்றே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?" என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒரு வீட்டார் மட்டும் பெட்டியை அணைத்தால், அடுத்த வீட்டு நாடகத்தின் ஓசை சுவரைத் தாண்டி வருகிறது. பிள்ளையோ அந்த வீட்டுக்கே ஓடிவிடுகிறது. தனி வீட்டால் ஆகாதது ஊர் கூடினால் ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு சான்று உண்டு.

அம்மாநிலத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர். சுமார் 3,000 மக்கள். விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளரும் மிகுதி. கொரோனா நோய்க் காலத்தில் பள்ளிப் பாடம் கைப்பேசி வழியே நடந்தது. பள்ளி திறந்த பின்னரும் பிள்ளைகள் அதனை விடவில்லை. ஊராட்சித் தலைவர் திரு. விஜய் மோகிதே ஒரு யோசனையை முன்வைத்தபோது, ஆண்கள் சிரித்தனராம்! பெண்களோ கூடிப் பேசி, தாங்கள் நாடகங்களை அளவுக்கு மீறிப் பார்ப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, திட்டத்துக்கு இசைந்தனர். 2022-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டி அது நடைமுறைக்கு வந்தது. மாலை 7 மணிக்குக் கோவிலின் மேலுள்ள சங்கு ஒலிக்கும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும். 8.30-க்கு மறுபடியும் சங்கு. ஆஷா பணியாளரும், அங்கன்வாடி ஊழியரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தனர். நம் ஊர்களிலும் நகராட்சிச் சங்குக்கு அடுப்பு மூட்டிய காலம் ஒன்று இருந்ததை முதியோர் அறிவர்.

ஆனால் அந்த ஊரார் ஒதுக்கிய நேரம் பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பப் பேச்சுக்கும் உரியது. நாம் விரும்புவது உறக்கமாயின், படுக்குமுன் உள்ள ஒரு மணி நேரமே முக்கியம். இரவு 9 மணிக்குப் பெட்டியை அணைப்பது, கைப்பேசிகளைப் படுக்கைக்கு எட்டாத ஓர் அலமாரியிலோ மாடக்குழியிலோ வைப்பது என்று ஊரார் ஒப்புக்கொண்டால் போதும். பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் மட்டும் பிடுங்குவது பயன் தராது. இரவு முறைத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர், வீட்டில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணோ நோயாளியோ உள்ளவர் ஆகியோருக்கு அழைப்பு வந்தே ஆக வேண்டும். அவர்கள் இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு மணியோசையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடியலில் எழுப்புவதற்குப் பழைய பொத்தான் கைப்பேசியோ மேசைக் கடிகாரமோ போதும்.

இத்தகைய ஏற்பாட்டைத் தண்டனை காட்டிச் சாதிக்க முடியாது. வீட்டினுள் நுழைந்து பார்க்கவும் கூடாது. நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் அடுத்து வரும் கூட்டத்தில் விஷயத்தை எடுத்து, மகளிர் குழுவினரை முதலில் பேசவிடலாம். தீர்மானம் ஒரு மாத காலத்திற்கு மட்டும் என்றிருந்தால் எதிர்ப்பும் குறையும். அம்மாத முடிவில், முதல் பாட வேளையில் தூங்கி விழும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்களா என்று பள்ளி ஆசிரியர்களைக் கேட்டறிந்து, மேற்கொண்டு செய்ய வேண்டுவதை அடுத்த கூட்டத்தில் ஊராரே முடிவு செய்துகொள்ளலாம்.