மலையேற வருவோரிடம் சொல்லுங்கள்

மாசி, பங்குனியில் மலைச்சரிவுப் புல் காய்ந்து சருகாகிவிடும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேற வந்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தனர். வெளியூர்க்காரர்களுக்குத் தீயின் போக்கு தெரியாது. அடிவாரத்தில் பாடுபடும் நமக்குத் தெரியும். தீ மேட்டை நோக்கித்தான் விரைந்து ஓடும். அதன் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. ஆகவே தீக்கு மேலே ஏறி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறை, ஓடை அல்லது எரிந்து ஆறிய இடத்தை அடைய வேண்டும். புகையில் தாழக் குனிந்து போகலாம். துணியால் மூக்கை மூடினாலும் விஷவாயு தடைபடாது. நைலான் உடை உருகி உடம்பில் ஒட்டும், பருத்தியே நல்லது.

காட்டை ஒட்டிய வரப்புச் சருகை இந்நாட்களில் நாமும் கொளுத்தாமல் எருக்குழியில் போடலாம். மலையில் புகை தெரிந்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பாதை கேட்டு வருவோரையும் திருப்பி அனுப்புங்கள்.