மிஞ்சிப்போன 5 ஆயிரம் வளையங்கள்!
பேப்பர் போட்ட பையன் மறக்காத கல்லறைத் தோட்டம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. டிசம்பர் மாதம் வந்தால் அங்கே கடுங்குளிர். பல மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்.

ஊசியிலை மரங்கள் மட்டும் பச்சைப்பசேல் என்று இருக்கும். அவற்றில் ஒன்றுதான் "பால்சம் பிர்" என்ற மரம். வாசனை உள்ள மரம்.

பனியிலும் அது எப்படிப் பச்சையாக இருக்கிறது? அதன் இலை ஊசி போல ஒல்லியானது. மேலே மெழுகு தடவியதுபோல ஒரு பூச்சு உண்டு. ஆகவே, இலையில் இருக்கும் ஈரம் லேசில் வெளியே போகாது.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் இந்த மரத்தின் கொப்புகளை வட்டமாகக் கட்டுவார்கள். சிவப்பு ரிப்பன் முடிவார்கள். வாசல் கதவில் தொங்கவிடுவார்கள்.

வெட்டுவது இல்லை!

இதற்காக மரத்தை வெட்டுவது இல்லை. கொப்பின் நுனியை மட்டும் கையால் ஒடிப்பார்கள். மரம் மீண்டும் துளிர்த்துவிடும்.

ஒடிப்பதற்கும் காலம் உண்டு. சில நாட்கள் நல்ல உறைபனி விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசியிலைகள் கொப்பில் உறுதியாகப் பிடித்து நிற்கும். அவசரப்பட்டு முன்பே ஒடித்தால், இலைகள் சீக்கிரம் கொட்டிவிடும்.

ஒடித்த கொப்புகளைச் சிறு சிறு கொத்தாகச் சேர்க்கிறார்கள். வட்டமான கம்பியில் வைத்து, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுகிறார்கள். வளையம் தயார்!

வெளியே குளிரில் தொங்கினால், பல வாரங்கள் பசுமை மாறாது. கணப்பு எரியும் வீட்டுக்குள் வைத்தால், விரைவில் காய்ந்துவிடும். காய்ந்த கொப்பில் தீ குபீர் என்று பற்றும். ஆகவே, இந்த அலங்காரத்துக்கு வாசல்தான் ஏற்ற இடம்.

12 வயதுச் சிறுவன்

மெய்ன் மாநிலத்தில் மோரில் வூஸ்டர் என்று ஒரு சிறுவன் இருந்தான். "பாங்கோர் டெய்லி நியூஸ்" என்ற பத்திரிகையை வீடு வீடாகப் போடுவது அவன் வேலை. 12 வயதில் அவனுக்கு ஒரு பரிசு கிடைத்தது. தலைநகரம் வாஷிங்டனைச் சுற்றிப் பார்க்கும் பரிசு!

அங்கே ஆர்லிங்டன் என்ற இடத்தைப் பார்த்தான். 1864-ம் ஆண்டில் தொடங்கிய ராணுவக் கல்லறைத் தோட்டம் அது. வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். அந்தக் காட்சி அவன் மனதில் பதிந்துவிட்டது.

சிறுவன் பெரியவன் ஆனான். ஹாரிங்டன் என்ற ஊரில் வளையம் கட்டி விற்கும் வியாபாரி ஆனான்.

விற்காத சரக்கு

1992-ம் ஆண்டு. கிறிஸ்துமஸ் விற்பனை முடியும் நேரம். வூஸ்டரிடம் 5 ஆயிரம் வளையங்கள் மிஞ்சிவிட்டன!

பண்டிகை முடிந்தால், வளையத்துக்கு விலை கிடையாது. என்ன செய்வது? குப்பையில் கொட்டுவதா?

வூஸ்டருக்குச் சிறு வயதில் பார்த்த வெள்ளைக் கற்கள் நினைவுக்கு வந்தன. பாராளுமன்ற உறுப்பினர் ஒலிம்பியா ஸ்நோ அனுமதி வாங்க உதவினார். லாரி முதலாளி ஒருவர், வளையங்களை ஏற்றிச் செல்ல முன்வந்தார். முன்னாள் ராணுவத்தினர் ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள்.

சுமார் 750 மைல் தூரம் பயணம் செய்து, வளையங்கள் ஆர்லிங்டன் போய்ச் சேர்ந்தன. அங்கே பழைய பகுதி ஒன்று இருந்தது. அதைப் பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தார்கள். அந்தக் கல்லறைகளில்தான் வளையங்களை வைத்தார்கள்.

ஒரே ஒரு படம்

அதற்கு அடுத்த ஆண்டும் வூஸ்டர் வளையங்களைக் கொண்டுபோனார். அதற்கு அடுத்த ஆண்டும் கொண்டுபோனார். வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

2005-ம் ஆண்டில் ஒரு புகைப்படம் இணையத்தில் பரவியது. பனி மூடிய தரை. வெள்ளைக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பச்சை வளையம்! பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். "எங்கள் ஊர்க் கல்லறைக்கும் வேண்டும்" என்று பலர் கேட்டார்கள்.

2007-ல் இதற்கென்று ஓர் அமைப்பு உருவாயிற்று. பொதுமக்கள் பணம் கொடுக்க, இப்போது ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வளையங்கள் வைக்கப்படுகின்றன. அந்த அமைப்பு, வூஸ்டர் குடும்பத்துக் கம்பெனியிடம் வளையங்களை வாங்குகிறது. இதைக் குறை சொல்லுகிறவர்களும் உண்டு. ஆனாலும் டிசம்பரில் குறித்த சனிக்கிழமை அன்று, குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிறார்கள்.

காய்ந்த பிறகும் பயன்!

வீட்டு வாசலில் தொங்கிய கொப்புகளையும் பலர் வீணாக்குவது இல்லை. கம்பியைப் பிரித்துவிட்டு, தோட்டத்துச் செடிகளின் அடியில் பரப்புகிறார்கள்.

குளிர் நாட்டில் மண் உறையும், பிறகு இளகும், மீண்டும் உறையும். இதனால் செடியின் வேர் மேலே தள்ளப்பட்டுச் செடி செத்துப்போவது உண்டு. கொப்புகள் போர்வைபோல மூடிக்கிடந்தால், மண் அடிக்கடி இளகாது. வேர் பிழைக்கும்.

பெயரைச் சொல்லுங்கள்

கல்லறையில் வளையம் வைப்பவர்கள் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். வளையத்தை வைத்ததும், கல்லில் பொறித்திருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லுகிறார்கள்.

பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் மறைந்துபோன பழைய கல்லறைகள் அங்கே ஏராளம். பெயர் சொல்லி அழைக்க ஆள் இல்லாத அந்த வீரனை, முன்பின் அறியாத ஒரு சிறுமி வந்து பெயர் சொல்லி அழைக்கிறாள்.

விலைபோகாமல் மிஞ்சிய கொப்புகளால் வந்த பெருமை இது!